பெயரில்லாதவன் வழக்கு

பேய்க்கதை என்றதும் முகஞ் சுளிப்பது பொறுப்புள்ள வாசகர் பலரிடம் காணப்படும் வழக்கம். நாமும் அவ்வாறு சுளித்தவர்களே. மனித வாழ்வின் மெய்யான அச்சங்கள் பசியும் வேலையின்மையும் போரும் என்றிருக்க, பிணங்களும் இரத்தக் காட்டேரிகளும் உலவும் நூல்களுக்கு இலக்கியத்தில் இடமேது என்று வாதாடிய காலம் ஒன்று எமக்கும் உண்டு. பகலில் வாதாடிவிட்டு, இரவில் அதே நூல்களை விளக்கணைக்க மனமின்றிப் படித்தோம் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுவது நேர்மை. பிற்காலத்தில் அவற்றுள் ஒன்றை மீண்டும் எடுத்தபோது, நாம் அறிந்து வைத்திருந்தது அந்நூலை அன்று, அதனைச் சுற்றி உலகம் கட்டிவைத்த வேறொரு கதையை மட்டுமே என்பது தெரியவந்தது. மேரி ஷெல்லி 1818 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ என்ற நாவலையே இங்கு குறிப்பிடுகிறோம். திகிற் கதைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் ஒருசேர ஊற்றாக இதனைக் கொள்வோர் பலர்.

பிராங்கன்ஸ்டைன் என்றதும் மனக்கண்ணில் எழுவது யாது? தட்டையான தலையும் கழுத்தில் ஆணியுமாகத் தள்ளாடி நடக்கும் ஒரு கொடிய உருவம். ஆனால் அப்பெயர் அவ்வுருவத்தினுடையதன்று. அதனை உருவாக்கிவிட்டு ஓடிப்போன விக்டர் என்ற மாணவனின் குடும்பப் பெயர் அது. உருவாக்கப்பட்டவனுக்கு நாவலில் இறுதிவரை பெயரே இல்லை. செய்தவனின் பெயர் செய்யப்பட்டவன் மீது போய் ஒட்டிக்கொண்டதை வெறும் வாய்த்தவறு என்று நாம் ஒதுக்கிவிடலாம். எனினும், பெயரோடு பழியும் அவ்வாறே இடம்மாறிச் சென்றிருப்பதைக் காணும்போது, இத்தவறு யாருக்கு வசதியாயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழில் இக்கதையைச் சொல்ல முற்படுபவனுக்கு முதல் வாக்கியத்திலேயே ஓர் இடர் வந்து நிற்கும். பிணங்களின் உறுப்புக்களைத் தைத்து உயிரூட்டப்பட்ட அவ்வுருவத்தை ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா? எமது இலக்கணகாரர் உலகத்தை உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்துச் சென்றனர். வினைமுற்றுக்கு விகுதி வேண்டும்; ஆதலின் தமிழன் இவ்விடத்தில் மழுப்ப முடியாது. நாம் ‘அவன்’ என்றே எழுதுகிறோம். அது சரியா என்பதே இக்கட்டுரையின் வினா என்றும் சொல்லலாம்.

நூல் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. பல்லாயிரவர் மாண்டனர். அது கக்கிய நுண்துகள் வான மண்டலத்திற் பரவி மறு ஆண்டில் ஐரோப்பாவின் கோடையையே மறைத்தது. பயிர்கள் அழுகின, ரொட்டி விலை ஏறியது, பசித்தோர் கலகஞ் செய்தனர். அந்த 1816 ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த ஒரு மாளிகையில் ஐவர் மழைக்கு ஒதுங்கி அமர்ந்திருந்தனர். கவிஞர் பைரன், அவருடைய வைத்தியர் பொலிடோரி, கவிஞர் பேர்சி ஷெல்லி, பின்னர் அவர் மனைவியான மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் ஆகியோரே அவர்கள். ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றைப் படித்துப் பொழுது போக்கிய அவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன்.

வசதியுள்ளோர் மழைநாளில் ஆடிய விளையாட்டு என்று இதனை நாம் தள்ளிவிடக்கூடும். ஆயினும் அந்த ஐவரின் பின்னணியைச் சற்று உற்று நோக்க வேண்டும். இதே பைரன் 1812 பெப்ரவரியில் பிரபுக்கள் சபையில் தமது கன்னிப் பேச்சை நிகழ்த்தியபோது, யந்திரங்களை உடைத்த நெசவாளருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்தார். மசோதா சட்டமாயிற்று. 1813 ஜனவரியில் யோர்க் நகரில் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டனர். மேரியின் தந்தை வில்லியம் கொட்வின், அரசும் சொத்துரிமையும் மனிதனைக் கெடுக்கின்றன என்று வாதிட்ட சிந்தனையாளர். தாய் மேரி வுல்ஸ்டன்கிராப்ட், பெண்ணுரிமையை நிலைநாட்ட 1792 இல் நூலெழுதியவர். 1797 இல் மேரியைப் பெற்றுப் பதினொராம் நாள் பிரசவ நோயால் இறந்தார். எரிமலைச் சாம்பலும் நெசவாளர் கழுத்துக் கயிறும் அம்மாளிகையின் சுவர்களுக்கு வெளியேதான் இருந்தன. உள்ளே அமர்ந்திருந்தோர் அவற்றை அறியாதவரல்லர்.

மேரிக்கு அப்போது பதினெட்டு வயது. அதற்கு முந்திய ஆண்டில் குறைமாதத்திற் பிறந்த பெண் குழந்தையொன்றை இரு வாரங்களுக்குள் இழந்திருந்தார். குளிர்ந்து கிடந்த குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்க்க அது உயிர்பெற்றதாகத் தாம் கண்ட கனவைத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். விழித்தபோது குழந்தை இல்லை. செத்த பொருளுக்கு உயிரூட்டுதல் என்ற எண்ணத்தை ஆய்வுகூடத்திலிருந்து மட்டும் அவர் பெற்றார் என்று கூறுவோர் இந்நாட்குறிப்பை மறந்துவிடுகின்றனர்.

ஆய்வுகூடமும் இருந்தது உண்மையே. தவளைக் காலில் மின்சாரம் பாய்ச்சிய இத்தாலியர் கல்வானியின் மருமகன் அல்டினி, 1803 ஜனவரியில் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பிணத்தில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. அக்காலத்தில் அறுவைக் கூடத்துக்கு வரும் உடல் எவருடையது என்பதும் நோக்கத்தக்கது. சட்டப்படி கொலைக்குற்றவாளிகளின் உடலே வைத்தியருக்குக் கிடைத்தது. அது போதாமையாற் புதைகுழிகளைத் தோண்டித் திருடி விற்போர் பெருகினர். 1828 இல் எடின்பரோ நகரில் இருவர், பிணவிலைக்காகப் பதினாறு பேரைக் கொன்றமை வெளிப்பட்டது. பின்னர் 1832 இல் பாராளுமன்றம் இதற்கொரு தீர்வு கண்டது. உரிமை கோருவாரின்றி ஏழை விடுதிகளில் இறப்போரின் உடலை அறுவைக்கு எடுத்துக்கொள்ளலாமென்று சட்டம் இயற்றியது. கொலைகாரனுக்கு விதித்த தண்டனை ஏழைக்கு விதியாயிற்று. விக்டர் தைத்து எழுப்பிய உடல் எவ்வகுப்பாரின் உடல் என்று நாவல் சொல்வதில்லை. அக்கால வாசகருக்கு அதனைச் சொல்லவும் வேண்டியதில்லை.

அதே மழைநாட்களில் தோன்றிய மற்றொரு கதையையும் இங்கு மறக்கலாகாது. பைரன் எழுதத் தொடங்கிக் கைவிட்ட துண்டொன்றை வைத்துப் பொலிடோரி எழுதிய இரத்தக் காட்டேரிக் கதை 1819 இல், பைரனின் பெயரிலேயே, வெளிவந்தது. நாட்டார் கதைகளில் இரத்தக் காட்டேரி கிராமத்துப் புதைகுழியிலிருந்து எழும் அழுகிய பிணம். பொலிடோரியோ அதற்குப் பிரபுப் பட்டமளித்து, இலண்டன் மாளிகைகளின் விருந்துகளில் உலவவிட்டார். கூலிக்கு அமர்ந்த வைத்தியர் தமது எசமானரைப் பார்த்துத்தான் அப்பாத்திரத்தை வார்த்தார் என்பர். 1867 இல் ‘மூலதனம்’ எழுதிய மார்க்ஸ், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்துக்கு இரத்தக் காட்டேரியை உவமையாக்கினார். 1897 இல் வந்த ஸ்டோக்கரின் டிராகுலாவும் நிலமுடைய பிரபுவே. அது தனியே எழுதத்தக்க பொருளாதலின் இம்மட்டில் நிறுத்துகிறோம்.

இனி நாவலுக்கு வருவோம். விக்டர் உயிரின் இரகசியத்தைக் கண்டறிந்து, எட்டடி உயரமுள்ள மனித உருவொன்றைச் செய்கிறான். நவம்பர் மாதத்து நள்ளிரவில் அது கண் திறக்கிறது. அக்கணமே விக்டர் அருவருப்புற்று அறையை விட்டு ஓடுகிறான். கட்டிலருகே வந்து திரைச்சீலையை விலக்கி, ஏதோ சொல்ல முயன்று, கை நீட்டுகிறான் படைக்கப்பட்டவன். விக்டர் மறுபடியும் ஓடுகிறான். மறுநாள் அறை வெறுமையாயிருக்கக் கண்டு மகிழ்ச்சியாற் கைதட்டுகிறான். எங்கு போயிற்று, என்ன உண்ணும், யாரை என்ன செய்யும் என்ற சிந்தனை அவனுக்கு எழவில்லை.

விரட்டப்பட்டவன் காட்டில் பழம் தின்று, குளிரில் நடுங்கி, இறுதியில் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிகிறான். சுவர்ப் பிளவின் வழியே ஓர் ஏழைக் குடும்பத்தைக் காண்கிறான். கண்ணில்லாக் கிழவர் டி லாசி, அவருடைய மகன் பீலிக்ஸ், மகள் அகதா. பிள்ளைகள் தாம் உண்ணாது தந்தைக்கு உணவு வைப்பதைக் கண்டு, அதுவரை அவர்கள் களஞ்சியத்திலிருந்து தான் திருடித் தின்று வந்ததை நிறுத்துகிறான். இரவில் விறகு வெட்டி வந்து வாசலிற் குவிக்கிறான். யார் செய்தாரென அறியாத குடும்பம் அதனை ஒரு நல்ல ஆவியின் செயலென வியக்கிறது. அங்கு வந்து சேர்ந்த வேற்றுநாட்டுப் பெண் சாபிக்குப் பீலிக்ஸ் மொழி கற்பிக்கும்போது, சுவருக்கு இப்பால் இவனும் கற்கிறான். வொல்னி எழுதிய சரித்திர நூலை அவர்கள் படிக்கக் கேட்கிறான். அமெரிக்காவின் ஆதிக்குடிகளுக்கு நேர்ந்த கதியைக் கேட்டுச் சாபியோடு சேர்ந்து அழுகிறான். செல்வமும் குலமும் இல்லாதவன் சிலருக்காக உழைத்தே அழிய வேண்டியவன் என்பதை அந்தப் பாடத்திலிருந்தே அறிகிறான். பின்னர் காட்டிற் கண்டெடுத்த பெட்டியொன்றில் மில்டனையும் புளூட்டாக்கையும் கெதேயையும் படிக்கிறான்.

கிழவர் தனித்திருந்த ஒரு நாளில் உள்ளே சென்று பேசுகிறான். கண்ணில்லாதவர் அவனை மனிதனாகவே கொண்டு பரிவோடு பேசுகிறார். அவன் வாழ்வில் ஒரு மனிதர் அவனிடம் அன்பாகப் பேசிய பொழுது அது ஒன்றுதான். பிள்ளைகள் வந்துவிடுகின்றனர். பீலிக்ஸ் தடியால் அடிக்கிறான். ஓங்கிய கையால் அவனைக் கிழித்தெறியும் வலிமை இருந்தும் இவன் அடியைத் தாங்கிக்கொண்டு வெளியேறுகிறான். பீலிக்ஸ் கொடியவன் அல்லன். நீதியற்ற தீர்ப்பொன்றை எதிர்த்துச் சொத்தையும் நாட்டையும் இழந்த நல்லவன். நல்லவன் கையிலேயே தடியைக் கொடுத்த மேரியின் துணிவு எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எமது கொள்கைத் தெளிவும் கண் கண்ட உருவத்தின் முன் எத்துணை நேரம் தாங்கும்?

இதற்குப் பின்னரே கொலைகள் நிகழ்கின்றன. முதலில் விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியம். கொலைப்பழி வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டீன் மீது விழுகிறது. இந்நாவலின் உச்சமான திகில் ஆய்வுகூடத்தில் இல்லை, இந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது எமது கருத்து. கொன்றவன் யாரென்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பர் என்று எண்ணி அவன் வாய் திறக்கவில்லை. மன்னிப்பு இல்லையென்று பாதிரியார் மிரட்டியதால் ஜஸ்டீன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்கிலேறுகிறாள். விக்டர் தான் அனுபவிக்கும் மன வேதனை அவளுடையதினும் பெரிதென்று பக்கம் பக்கமாகக் கூறுகிறான். படித்தவனின் மனச்சாட்சி வேதனையை உணர்வதோடு தன் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்ளும் இந்தப் பகுதியை, வாசகர் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். தூக்கிலேறியவள் பணிப்பெண்; துயருற்றவன் எசமானர் மகன்; கதையை எமக்குச் சொல்பவனும் அவனே.

குற்றம் யாருடையது? மனிதன் கடக்கலாகாத எல்லையை விக்டர் கடந்தான், அதற்குத் தண்டனை பெற்றான் என்பது பரவலான விடை. இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. நாவலில் கேட்டைத் தொடக்கி வைப்பது உயிரூட்டிய செயலன்று. உயிரூட்டிய மறுகணம் ஓடிய செயல். விக்டர் அவ்வறையில் நின்று, நீட்டிய கையைப் பற்றியிருந்தால் கதையே வேறு. அறிதல் பாவம் என்போர் அறியாமையால் ஆதாயம் பெறுவோராகவே பெரும்பாலும் இருந்து வந்துள்ளனர். எனவே ‘அறியாதே’ என்ற உபதேசத்தை இந்நூலின் தலையிற் கட்டுவது பொருந்தாது. செய்ததன் பின்னால் நில் என்பதே இந்நூல் விக்டரிடம் கேட்பது.

மறுபுறத்தில், வஞ்சிக்கப்பட்டவன் செய்த கொலை அவன் கொலையன்று, சமுதாயத்தின் கொலை என்று கூறிவிடும் விருப்பம் எம்போன்றோருக்கு உண்டு. பேர்சி ஷெல்லியும் இந்நூலுக்கு எழுதிய மதிப்புரையில், ஒருவனைக் கொடுமையாக நடத்தினால் அவன் கொடியவனாவான் என்ற நியாயத்தையே அதன் சாரமாகக் கண்டார். மேரி அத்துணை எளிதாக எம்மை விடுவதில்லை. வில்லியம் ஒரு குழந்தை. கொன்றபின் அவன் கழுத்திலிருந்த படத்தை உறங்கிக் கிடந்த ஜஸ்டீனின் உடையில் மறைத்து வைத்தவனும் இதே பெயரில்லாதவனே. நூல்களைப் படித்து அழத் தெரிந்த உள்ளம், இன்னொரு திக்கற்ற பெண்ணைத் தூக்குமேடைக்கு அனுப்பவும் தெரிந்துகொண்டது. இறுதியில் விக்டரின் பிணத்தருகே நின்று தன் செயல்களை அருவருத்துப் புலம்புகிறான். விக்டரோ இறக்குந் தறுவாயில் தனது நடத்தையை ஆராய்ந்து பார்த்ததாகவும் அதிற் குறைகூற ஒன்றுமில்லை எனவும் சொல்கிறான். இருவருள் எவனுக்கு உயர்திணை விகுதி பொருந்தும்? நாம் ‘அவன்’ என்று எழுதியதற்குக் காரணம் அவன் குற்றமற்றவன் என்பதன்று. குற்றம் செய்யவும் அதனை உணரவும் வல்லவன் என்பதே.

நூல் வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இல்லை. அச்சானவை ஐந்நூறு பிரதிகள். படைப்பு பேர்சியினுடையது என்றே வோல்டர் ஸ்கொட் உட்படப் பலர் எண்ணினர். ஐந்தாண்டுகளில், 1823 ஜூலையில், இலண்டன் மேடைக்கு இக்கதை வந்தது. நாடகமாக்கியவர் பீக் என்பவர். ‘ஆணவம்’ என்ற பொருள்படும் சொல்லையே அதற்குத் தலைப்பாக்கினார். தலைப்பே தீர்ப்பை எழுதிவிட்டது. நாவலில் மில்டனைப் படித்து வாதிடும் அவன், மேடையில் ஊமையாக்கப்பட்டான். விளம்பரத்தில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறுங் கோடுகள் இருந்தன. மேரி அந்நாடகத்தைச் சென்று பார்த்தார். பெயரில்லாததைப் பெயரின்றியே காட்டிய முறையை வியந்தார். வாய் அடைக்கப்பட்டதைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அதே 1823 ஆகஸ்டில் தென்னமெரிக்காவின் டெமராரா என்ற பிரித்தானியக் குடியேற்றத்தில் கரும்புத் தோட்டங்களின் அடிமைகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களுக்குச் சமயம் போதித்த ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட, அவர் சிறையிலேயே மாண்டார். இப்பின்னணியில் 1824 மார்ச் 16 ஆந் திகதி, வெளிநாட்டு மந்திரி ஜோர்ஜ் கனிங் பொதுமக்கள் சபையில் எழுந்து பேசினார். நீக்ரோ அடிமை உருவத்திலும் வலிமையிலும் வளர்ந்த மனிதன், அறிவிலோ குழந்தை. அத்தகையவனை உடனே விடுவிப்பது, அண்மைக்கால நாவலொன்றில் ஒருவன் பேருருவைப் படைத்துவிட்டுப் பின்னர் தானே அஞ்சி நடுங்கியதை ஒக்கும் என்பது அவர் வாதம். நாவலின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த வாதத்தைச் சற்று நின்று நோக்குவோம். நாவலில் வருபவன் குழந்தை அறிவினன் அல்லன். யார் கற்பிக்காமலும் சுவருக்கு அப்பாலிருந்து மொழி கற்றவன். அவன் ஆபத்தாயினது விடுவிக்கப்பட்டதனால் அன்று, கைவிடப்பட்டதனாலும் அடிக்கப்பட்டதனாலும். கனிங் அவனது உடம்பை எடுத்துக்கொண்டு மனத்தை விட்டுவிட்டார். மேடை ஏற்கனவே அவனை ஊமையாக்கியிருந்ததால் அது எளிதாயிற்று. மேலும், அடிமையைப் ‘படைத்தவன்’ யார்? ஆபிரிக்க ஊரொன்றில் பெயரும் உறவும் கொண்டிருந்தவனைக் கடத்திப் பெயரழித்துச் சூடுபோட்டு வைத்தவன், தானே அவனைச் சிருஷ்டித்தவன் போன்று அவனைக் கண்டு அஞ்சுவதாகக் கூறுகிறான். ஒரு நாவல் ஒடுக்கப்பட்டவனின் வழக்கை எடுத்துரைக்க, அதே நாவலை எடுத்து அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது பாராளுமன்றம். கனிங் குறிப்பிட்டதை அறிந்த மேரி அதனைத் தமது நூலுக்குக் கிடைத்த பாராட்டாகவே கடிதமொன்றில் எழுதினார் என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். எழுத்தாளன் தன் நூலின் முழுப் பொருளுக்கும் விழித்திருப்பவன் அல்லன். அடிமை ஒழிப்புச் சட்டம் 1833 இல் நிறைவேறியபோது, நட்டஈடாக இரண்டு கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டது. அது முழுவதும் உடைமையாளருக்கே சென்றது.

1831 இல் மேரி தமது நூலைத் திருத்தி வெளியிட்டார். இளமையில் எழுதியதைக் காட்டிலும் இதில் விதியின் கை ஓங்கி நிற்கிறது. விக்டர் தேர்ந்து செய்தவை பல அவனுக்கு நேர்ந்தவையாக மாறுகின்றன. கணவரையும் மூன்று குழந்தைகளையும் இழந்திருந்த ஒருவர் விதியை நம்பத் தொடங்கியதை நாம் பழிக்க விரும்பவில்லை. ஆயினும் 1818 ஆம் ஆண்டுப் பதிப்பே எமக்கு உவப்பானது. சரியாக நூறாண்டு கழித்து, 1931 இல், ஹொலிவூட் எடுத்த படத்தில் எஞ்சியதும் போயிற்று. உதவியாளன் நல்ல மூளை இருந்த கண்ணாடிச் சாடியைக் கைதவறி உடைத்துவிட்டு, குற்றவாளியொருவனின் மூளையைத் திருடி வருகிறான். ஆக, கொடுமை பிறப்பிலேயே அமைந்துவிட்டது! எவரும் எதற்கும் பொறுப்பல்லர். போரிஸ் கார்லொவ் என்ற நடிகர் பேச்சின்றிக் கண்ணாலும் கையாலும் அவ்வுருவுக்குத் துயரத்தை ஊட்டினார் என்பது அவருடைய பெருமை. இன்று உலகம் அறிந்த முகம் அதுவே.

பின்வந்த விஞ்ஞானக் கதைகள் பலவும் இந்த வழக்கையே வெவ்வேறு மன்றில் நடத்தியுள்ளன. எச். ஜி. வெல்ஸ் 1898 இல் செவ்வாய்க் கிரகத்தாரை இங்கிலாந்தின் மீது படையெடுக்க விட்டபோது, தஸ்மேனியாவின் ஆதிக்குடிகளை ஐரோப்பியர் நடத்திய விதத்தைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினார். அவர்கள் முற்றாக அழிந்ததாக அவர் கருதியது தவறு. வழித்தோன்றல்கள் இன்றும் தமது உரிமைக்குக் குரல் கொடுக்கின்றனர். அமெரிக்க எழுத்தாளர் ஐசாக் அசிமோவ் 1942 இல் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, கட்டளைக்குப் பணி, உன்னைக் காத்துக்கொள் என்ற மூன்றும் செய்யப்பட்டதைக் கட்டுகின்றன. செய்பவனைக் கட்டும் விதி அவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இவ்விடயத்திற் கூர்மையானவர். 1968 இல் வந்த அவருடைய விண்வெளி நாவலிற் கொலை செய்யும் கணினி, பயணத்தின் நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்குமாறு பணிக்கப்பட்டிருந்ததாலேயே நிலைகுலைகிறது. பொய் சொல்லக் கற்பித்தவர் பூமியில் இருந்தனர்.

செக்கோஸ்லோவாக்கியரான கரேல் சாபெக் 1920 இல் எழுதிய நாடகமே ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்கு அளித்தது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. அந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல. சதை போன்ற பொருளில் வார்க்கப்பட்ட மலிவான தொழிலாளர். அவர்களுக்கு வலி தெரியாமையால் உறுப்புக்களை உடைத்துக்கொள்கின்றனர். அது தொழிற்சாலைக்கு நட்டம். ஆகவே வலியை உணரும் நரம்பைப் பொருத்துவோம் என்கிறார் ஒரு விஞ்ஞானி. இரக்கத்தால் அன்று, சிக்கனத்தால் வலி படைக்கப்படுகிறது. இறுதியில் ரோபோக்கள் எழுந்து மனிதகுலத்தை அழிக்கும்போது ஒருவரை மட்டும் விட்டுவிடுகின்றனர். அவர் தம்மைப் போலக் கையால் வேலை செய்பவர் என்பதே காரணம்.

கற்பனை நூல் நடைமுறையைத் தொட்டதற்கு ஓர் உதாரணம் போதும். வெல்ஸ் 1914 இல் வெளியிட்ட நாவலொன்றில் அணுகுண்டு என்ற சொல்லையும் அக்குண்டால் நகரங்கள் எரிவதையும் எழுதினார். ஹங்கேரிய விஞ்ஞானி லியோ சிலார்ட் அதனை 1932 இற் படித்தார். மறு ஆண்டில் அணுச் சங்கிலி வினை என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நாஜிகள் முந்திக்கொள்வர் என்ற அச்சத்தால், 1939 இல் ஐன்ஸ்டைனின் ஒப்பத்தோடு அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் செல்ல அவரே வழிசெய்தார். குண்டு உருவாகியதும், 1945 ஜூலையில், அதனை நகர மக்கள்மீது வீசுவதற்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதி எழுபது விஞ்ஞானிகளின் ஒப்பத்தைத் திரட்டினார். அது ட்ரூமனின் கைக்குப் போய்ச் சேருமுன் ஹிரோஷிமா எரிந்தது. சிலார்ட் விக்டரைப் போல ஓடியவரல்லர். தாம் செய்ததன் பின்னால் நிற்க முயன்றவர். ஆயினும் அப்போது அது அவருடைய அறையில் இல்லை. அரசின் களஞ்சியத்தில் இருந்தது. விக்டர் தனி ஆள். அவன் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தாற் போதும். படைப்பு பணம் போட்டவனுக்கும் படைத்தளபதிக்கும் உரியதாய் இருக்கையில் படைத்த விஞ்ஞானி எந்தக் கதவைத் திறப்பான் என்ற கேள்விக்கு மேரியின் நூலில் விடை இல்லை.

மனிதரைப் போல உரையாடும் கணினிகளை உலகம் இப்போது கண்டுவிட்டது. 2023 மே மாதத்தில், அவற்றை உருவாக்கும் கம்பனிகளின் தலைவர்களே, இவற்றால் மனிதகுலம் அழியும் ஆபத்துண்டு என்ற அறிக்கையொன்றில் ஒப்பமிட்டனர். ஒப்பமிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினர். தாம் செய்வதைப் பற்றி, எங்கோ வானிலிருந்து வரும் இடிபோல அஞ்சும் அக்குரல் எமக்குப் பழக்கமானது. கனிங்கின் குரலும் விக்டரின் குரலும் அதுவே. அவ்வாண்டின் ஜனவரியில் வேறொரு செய்தியும் வெளிவந்திருந்தது. அத்தகைய கணினியொன்று அழுக்கைப் பேசாதிருக்கும்படி, அதற்கு முன்னர் கொலையும் வன்புணர்வும் நிறைந்த வாசகங்களைப் படித்துப் படித்துத் தரம் பிரித்தவர்கள் கென்யாவின் தொழிலாளர். கூலி மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவு. காலையில் வாசலில் விறகு கிடக்கிறது. நல்ல ஆவியின் செயலென்று குடும்பம் வியக்கிறது.

நாவலின் சட்டகக் கதையில் வரும் கப்பலைப் பற்றி விமர்சகர் அதிகம் பேசுவதில்லை. வட துருவத்தை அடைந்து புகழ்பெற விரும்பிய வால்டன் என்ற இளைஞனின் கப்பல் அது. உறைபனியில் சிக்கி நிற்கிறது. மாலுமிகள் சிலர் ஏற்கனவே மாண்டுவிட்டனர். பனி விலகினால் தெற்கே திரும்புவதாக வாக்களிக்க வேண்டுமென்று மாலுமிகளின் பிரதிநிதிகள் வந்து கேட்கின்றனர். மரணப் படுக்கையிற் கிடக்கும் விக்டர் எழுந்து அமர்ந்து, கோழைகளே என்று அவர்களை ஏசுகிறான். மகத்தான காரியத்துக்கு வந்தவர்கள் குளிருக்கு அஞ்சி அடுப்படிக்கு ஓடுவதா என்கிறான். அவன் பேச்சு அழகானது. அதனைக் கேட்டு மாலுமிகளும் ஒரு கணம் அசைந்துபோகின்றனர். எனினும் கோரிக்கையை அவர்கள் கைவிடவில்லை. இரண்டு நாள் கழித்து வால்டன், மனக்கசப்போடு, உடன்படுகிறான். சில நாட்களில் பனி இடியோசையோடு பிளந்து தெற்கே வழி திறக்கிறது. மாலுமிகள் பெருங் குரலெடுத்து ஆரவாரிக்கின்றனர். உறக்கத்திலிருந்த விக்டர் அவ்வோசையில் விழித்து, அவர்கள் ஏன் கூவுகின்றனர் என்று கேட்கிறான். ஊர் திரும்பப் போவதால் என்று வால்டன் பதில் சொல்கிறான்.